ஷெஃபீல்டில் இளைத்துப்போன தம்பிதுரை

தம்பிதுரையைப் பார்த்து யாராவது 'பாவம்' என்று சொன்னால் அவருக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லாமல் விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் சொல்கிறார்கள். சந்தையில் வெங்காயம் எடை போடும்போது சொல்கிறார்கள். எழவு வீட்டில் செத்தவரைப் பற்றிப் பேசி முடித்த கையோடு இவர் பக்கம் திரும்பி, "பாவமுங்க, ஆறு வருசம்! சோறு தண்ணி இல்லாம எப்படித்தான் இருந்தீங்களோ" என்கிறார்கள்.

சோறு தண்ணி இல்லாமல் ஆறு வருஷம் இருந்தால் மனுஷன் செத்துப்போவான். இந்தக் கணக்குக்கூட இவர்களுக்கு எட்டாதா? அவரோ போனபோது இருந்ததைவிட நல்ல கால் பலத்தோடு திரும்பி வந்திருக்கிறார். தொப்பைதான் இல்லை. அது ஷெஃபீல்டு ஊரின் மேட்டில் ஏறி இறங்கிக் கரைந்த தொப்பை. அந்த ஊரில் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் மருதமலை ஏறுவதுபோல ஏற வேண்டும். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "ஆமாமுங்க, ஆமாமுங்க" என்று தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி கறியை அவர் இலையில் போடுகிறார்கள்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் வெங்காயக் காடும் அவருடையது. போர்வெல் வற்றிய கோடைகளையும், யானை இறங்கி வந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்ட மழைக்காலங்களையும் பார்த்துச் சலித்த மனிதர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனியாகக் கிடப்பதைப் பொறுக்காமல் ஒரே மகன் அருள்குமார் வந்து இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அருள்குமாருக்கு ஷெஃபீல்டில் மெஷின் டிசைன் செய்யும் கம்பெனியில் வேலை. மருமகள் லோகப்பிரியா அங்கேயே ஓர் ஆஸ்பத்திரி லேபில். தோப்பையும் வீட்டையும் தங்கை கருப்பாத்தாள் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், அண்ணன் வீடுதான் அவளுக்கும் வீடு.

போன புதிதில் அவரும் மூக்கைச் சுளித்தவர்தான், பொய் சொல்வானேன். வெள்ளைக்காரன் சாப்பாடு உப்பு சப்பில்லாதது என்று கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தின்று பார்த்தவன் எவனும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. லோகப்பிரியா பாவம், லேபில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து அவருக்கென்று தனியாகச் சோறு, குழம்பு, ரசம் என்று ஆக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு பனிக்காலத்துச் சாயங்காலம் அவள் முடியாமல் வந்தாள். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்த பதார்த்தம் ஒன்றைச் செய்து அவர் முன்னால் வைத்தாள். "மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதைச் சாப்பிட்டுக்குங்க. நாளைக்குக் கண்டிப்பா ரசம் வெக்கறேன்" என்றாள்.

ஷெப்பர்ட்ஸ் பை என்று அதற்குப் பெயர். அடியில் கொத்துக்கறி, மேலே வெண்ணெயும் பாலும் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. கிழங்கின் மேலே முள்கரண்டியால் உழவு ஓட்டியதுபோலக் கோடு இழுத்து, ஓவனுக்குள் வைத்து, மேல்பாகம் சிவக்கும்வரை சுடுவது. ஓரங்களில் கறிச்சாறு கொதித்து மேலே ஏறிக் காய்ந்து மொறுமொறுவென்று பிடித்திருக்கும். தம்பிதுரை ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். காரம் இல்லை, புளிப்பு இல்லை, மசாலா இல்லை. கறி கறியாக ருசித்தது, உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காக ருசித்தது. அறுபது வருஷமாகத் தின்ற உருளைக்கிழங்குக்கு இப்படியொரு ருசி இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே கொட்டும் பனிக்கும் வயிற்றுக்குள் இறங்கும் அந்தச் சூட்டுக்கும் அத்தனை பொருத்தம்.

மறுநாள் காலையில், "அம்மணி, நேத்து வெச்சயே, அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார். லோகப்பிரியா சிரித்த சிரிப்பு இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது. வெள்ளிக்கிழமை முக்குக் கடையில் மீனும் சிப்ஸும். நம் ஊர் சிப்ஸ் அல்ல, விரல் தடிமனுக்கு வெட்டி வறுத்த கிழங்கு. அதன்மேல் வினிகரைத் தாராளமாக ஊற்றினால் ஆவியோடு ஒரு நெடி எழும்பும் பாருங்கள், மூக்கு திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளின் மேல் வெண்ணெய் சேர்த்த மாவை உதிர்த்துத் தூவிச் சுட்ட கிரம்பிள், அதன்மேல் சுடச்சுட மஞ்சள் கஸ்டர்டு. காலையில் ரொட்டியைச் சுட்டு அதன்மேல் தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ். அவரே செய்யக் கற்றுக்கொண்ட முதல் சமையல் அதுதான். செய்த பெருமையில் போட்டோ எடுத்து 'செங்காட்டுத் தோட்டம் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'இன்று என் சமையல்' என்று எழுதியும் போட்டார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. குரூப்பில் ஒருவர் பின் ஒருவராக அழுகிற பொம்மைகளைப் போட்டார்கள். 'ஐயோ மாமா, நீங்களே சமைக்கறீங்களா?' என்று ஒருத்தி. 'வெறும் பன்னும் பயிறுமா?' என்று இன்னொருத்தி. 'மருமவ எங்கே?' என்று மூன்றாவது ஆள். தம்பிதுரை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

கருப்பாத்தாள் தோப்பில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட செய்தி வந்தபோது, "அவளுக்கு யார் இருக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டார். மகனும் மருமகளும் தடுத்தும் நிற்கவில்லை. வந்து இறங்கிய அன்று, கையில் கட்டோடு வாசலில் நின்ற கருப்பாத்தாள் அவர் வயிற்றைப் பார்த்தாள். தொப்பை இருந்த இடம் தட்டையாக இருந்தது. ஓவென்று அழுதாள்.

அப்புறம் விருந்து. ஒறம்பரை, சொந்தம் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் ஒரு வீடு பாக்கியில்லாமல் கூப்பிட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, வெள்ளாட்டுக்கறி வறுவல், ரத்தப் பொரியல், குடல். "உண்ணுங்க, உண்ணுங்க, அங்க எங்க இதெல்லாம்" என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொங்கு நாட்டில் விருந்தை வேண்டாம் என்பதும் வீட்டுக்காரர் முகத்தில் அறைவதும் ஒன்று. முதல் மாதம் அவருக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. பாவம் என்றார்கள், கோழிக்கால் வந்தது. மறுத்துப் பேசி அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவரும் சும்மா இருந்துவிட்டார்.

ஆடி மாதம், மலையிலிருந்து சாரல் அடிக்கிற ஒரு நாள், நாக்கு அந்த ஷெப்பர்ட்ஸ் பையைக் கேட்டது. சும்மா கேட்கவில்லை, அடம் பிடித்தது. அதைச் சுட வீட்டில் ஓவன் இல்லை; பீன்ஸாவது கிடைக்கட்டும் என்று ஆர்.எஸ்.புரம் வரை பஸ் ஏறிப் போய், ஒரு பெரிய கடையில் பீன்ஸ் டின் ஒன்றைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து ரொட்டியைச் சுட்டு அதன்மேல் ஊற்றி நின்றவாக்கிலேயே தின்றார். அடுக்களைக்குள் வந்த கருப்பாத்தாள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, இன்னுமா உனக்கு அந்தப் பட்டினிப் பயம் போவல? இங்கதான் சோறு இருக்குதேண்ணா!" என்றாள். அவருக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதெல்லாம் எரிச்சல்தான், சமாளித்துக்கொள்ளலாம். சம்பந்தி சென்னியப்பன் போத்தனூரிலிருந்து வந்த அன்றைக்குத்தான் விஷயம் எரிச்சலைத் தாண்டியது.

சென்னியப்பன் லோகப்பிரியாவின் அப்பா. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார், காபி குடித்தார், ஒரு பழம் தின்றார், இன்னொரு பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வாய் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. நம்ம ரித்திகா விசயம். சத்திக்காரங்க கொஞ்சம் யோசிக்கறாங்களாட்டம் தெரியுதுங்க."

ரித்திகா லோகப்பிரியாவின் தங்கை. சத்தியமங்கலம் குமாரசாமியின் மகன் கிருபாசங்கருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. உப்புச் சக்கரை மாற்றிவிட்டால் நிச்சயம் ஆனது மாதிரி. அதற்கு நாள் குறிக்க வேண்டிய நேரத்தில்தான் அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டது.

"ஏனுங்க, என்ன யோசனை அவியளுக்கு?" என்றார் தம்பிதுரை.

சென்னியப்பன் பழத்தைப் பார்த்தார். "அக்கா ஊட்டுப் பழக்கம்தானுங்களே தங்கச்சிக்கும் வரும்னு யாரோ சொல்லியிருப்பாங்களாட்டம். மாமனாருக்கு வெறும் ரொட்டியும் பயிறும் போட்டுத் தேய விட்டுப்போட்டாங்கன்னு… நான் சொல்லலீங்க. ஊருல பேசிக்கறாங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரித்திகா ரூமை உட்டு வெளிய வர மாட்டேங்குதுங்க."

தம்பிதுரைக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் தன்னை உட்காரவைத்துப் போட்ட பெண்ணின் பெயர், தான் தின்ற கோழிக்கால்களாலேயே கெட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கே லோகப்பிரியாவுக்குப் போன் போட்டார். அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "விடுங்க மாமா" என்றாள். "எனக்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தெம்பு இல்லீங்க. நான் உங்களைப் பட்டினி போட்டனான்னு உங்களுக்குத் தெரியுமில்ல, அது போதும். ரித்திகாவை நெனச்சாத்தான் வெசனமா இருக்குது."

இதில் இன்னொரு கொடுமை, முகத்துக்கு நேரே எவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் ஒரு 'ங்க' போட்டு, வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள். நேரே திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சொல்லாத பழிக்கு எங்கே போய்ப் பதில் சொல்வது? சரி, நேரிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அடுத்த நாளே சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினார்.

குமாரசாமி மல்லித் தோட்டக்காரர். நல்ல மனிதர், அதுதான் தொந்தரவே. அவரும் மனைவி பழனியாத்தாளும் தம்பிதுரையை வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். இலை போட்டார்கள். கறி வந்தது. தம்பிதுரை பாதிச் சோற்றில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு அந்த ஊருச் சாப்பாடு ரொம்பப் பிடிச்சுதுங்க. நானாத்தான் கேட்டு வாங்கித் தின்னேன். என்ற மருமவ ஒரு குறை வெக்கலீங்க."

குமாரசாமி சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "இந்த மனசு யாருக்குங்க வரும்?" என்றார் தழுதழுத்து. "மருமவளை விட்டுக்குடுக்காம பேசறீங்க பாருங்க! உங்களாட்டம் மாமனாரு கெடைக்க அந்தப் புள்ள குடுத்து வெச்சிருக்கோணும்."

"விட்டுக்குடுக்காம எல்லாம் பேசலீங்க. நெசமாலுமே நல்லா இருக்குமுங்க. உருளைக்கெழங்கை வெண்ணெய் போட்டுப் பிசைஞ்சு…"

"வெறும் கெழங்கா!" என்று பழனியாத்தாள் உச்சுக்கொட்டினாள். "வேண்டாமுங்கண்ணா, அதையெல்லாம் நெனைக்காதீங்க. இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க."

"ஏனுங்க, நான் தமிழ்லதானுங்களே பேசறேன்?" என்றார் தம்பிதுரை. அதற்கும் அவர்கள் இரக்கத்தோடு சிரித்தார்கள். அவர் எவ்வளவுக்கு அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்தாரோ அவ்வளவுக்கு அவர் தெய்வமாக உயர்ந்தார், லோகப்பிரியா பாதாளத்துக்குப் போனாள். கை கழுவும்போது பொறுக்க முடியாமல், "வர்ற ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் எங்கூட்டுக்கு வாங்க. அந்தச் சாப்பாட்டையே செஞ்சு போடறேன். உண்டு பாத்துட்டு அப்பறம் பேசுங்க" என்றார். விருந்துக்குக் கூப்பிட்டால் அவர்களாலும் மறுக்க முடியாது. வருகிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கருப்பாத்தாளிடம் சொன்னதும் அவள் திகைத்துப்போனாள். "மாப்ள ஊட்டு ஆளுங்களுக்கா? கோழி அடிக்காம? கொழம்பு வெக்காம?"

"ஒண்ணும் வெக்கக் கூடாது. நான் ஆக்கறதுதான். நீ அடுக்களைப் பக்கமே வராத."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொத்துக்கறி வாங்கி வந்து, வெங்காயமும் கேரட்டும் பட்டாணியும் போட்டு வேகவைத்தார். கிழங்கைப் பிசைந்தார். அங்கே விடிவதற்கு முன்பே எழுந்த லோகப்பிரியா, பக்கத்தில் நிற்பதுபோலப் போனிலேயே பக்குவம் சொன்னாள். பெரிய தட்டத்தில் அடுக்கிக் கோடும் இழுத்தாகிவிட்டது. தட்டத்தில் கொள்ளாத மிச்சத்தை ஒரு சின்னக் கேக் டின்னில் அமுக்கி, "இது எனக்கு, பொழுதோட தின்னுக்குவேன்" என்று சொல்லி ஓரமாக வைத்தார். இரண்டையும் பஸ் ஸ்டாப் பேக்கரி சிக்கந்தரிடம் கொடுத்தால், பன் சுட்டு முடித்த ஓவனில் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வரலாம் என்று போனார். அந்த நேரம் அடுக்களை கருப்பாத்தாள் கையில் இருந்தது.

மதியம் குமாரசாமியும் பழனியாத்தாளும் வந்தார்கள். சிக்கந்தர் கடையிலிருந்து தட்டம் ஆவி பறக்க வந்தது; சின்ன டின் அடுக்களைக்குப் போனது. மேலே நன்றாகச் சிவந்திருந்தது. தம்பிதுரையே பரிமாறினார். குமாரசாமி மருந்து குடிக்கப் போகிறவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! நல்லாத்தானுங்க இருக்குது! காரசாரமா, நம்ம கைப்பக்குவமாட்டமே இருக்குதுங்களே! இதையா அந்தப் புள்ள போட்டுச்சு? அப்பறம் என்னங்க குறை?"

தம்பிதுரைக்கு அப்பாடா என்றிருந்தது. தானும் ஒரு வாய் அள்ளி வைத்தார். நாக்கில் சுரீரென்றது. பச்சை மிளகாய். அதற்குப் பின்னால் சோம்பு, கடுகு, பெருங்காயம். மெதுவாகத் தலையைத் திருப்பினார். கதவோரம் நின்ற கருப்பாத்தாள் அவரைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்தாள்.

அதே நேரம் பழனியாத்தாள் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கறிவேப்பிலை.

"ஏனுங்கண்ணா, அந்த ஊருல கறிவேப்பிலை எல்லாம் போடுவாங்களா?"

 குமாரசாமி அந்தக் கறிவேப்பிலையைப் பார்த்தார், தம்பிதுரையைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார். "பரவால்லீங்க" என்றார் மிகவும் மென்மையாக. "எங்களுக்குப் புரியுதுங்க. மருமவ பேரைக் காப்பாத்தோணும்னு இத்தனை செரமப்பட்டிருக்கீங்க. நீங்க இத்தனை மறைக்கோணும்னா அந்தப் புள்ள என்ன பாடு படுத்தியிருக்கோணும்! நாங்க ஒண்ணும் நெனச்சுக்கலீங்க. கை கழுவிக்கறோம்."

கை கழுவிக்கொள்வதென்றால் சாப்பாட்டை மட்டும் அல்ல. ரித்திகாவையும் சேர்த்துத்தான். 

"உக்காருங்க!" என்று தம்பிதுரை கத்தினார். வந்த விருந்தாளியைப் பார்த்து அவர் வாழ்க்கையில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. குமாரசாமி உட்கார்ந்துவிட்டார். "கருப்பாத்தா! என்ன பண்ணிப்போட்ட?"

"கெழங்கை ஒதுக்கிப்போட்டு, கறியில கொஞ்சம் தாளிச்சுக் கொட்டி மறுபடி மூடினேன்" என்று அழ ஆரம்பித்தாள் கருப்பாத்தாள். "மாப்ள ஊட்டு ஆளுங்க முன்னால உன்ற மானம் போயிறக் கூடாதுன்னுதாண்ணா. ஒறப்புக் காரம் ஒண்ணுமில்லாம எப்படிண்ணா ஒறம்பரைக்கு வெக்கறது? நான் உசுரோட இருக்கறப்ப?"

"சின்ன டின்னு?"

"அதைத் தொடல. அது உனக்குன்னு சொன்னயே."

தம்பிதுரை விறுவிறுவென்று உள்ளே போய்ச் சின்ன டின்னையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்து சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "இதுதானுங்க அது. இதுதான் அந்தப் புள்ள எனக்குப் போட்டது. உண்டு பாருங்க" என்று ஒரு கரண்டி எடுத்துக் குமாரசாமியின் தட்டில் போட்டார். குமாரசாமி நக்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். தண்ணீருக்குக் கை நீட்டினார்.

"பிடிக்கலையல்லோ? பிடிக்காட்டிப் போகுது!" என்று சொல்லிவிட்டுத் தம்பிதுரை தானும் ஒரு வாய் வைத்தார்.

 எட்டு மாதமாக நாக்கு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இன்னும் ஏதோ சொல்ல நினைத்திருந்தார், மறந்துவிட்டது. இன்னொரு கரண்டி. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் பிடித்திருந்த மொறுமொறுப்பைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள், உப்புச் சக்கரை, ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு இல்லாமல் போனது. தோள் தளர்ந்தது. மீசையில் கிழங்கு ஒட்டியது, துடைக்கவில்லை. டின்னைச் சாய்த்துப் பிடித்து மூலையில் தங்கிய கறிச்சாற்றை வழித்து உறிஞ்சினார். 'ம்' என்று ஒரு சத்தம் அவரை அறியாமலே வந்தது.

பழனியாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் முழங்கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, இவரு பொய் சொல்லலீங்க."

"என்ன சொல்ற நீ?"

"நாப்பது வருசமா நாலு பேருக்குச் சோறு போடறவ நானு. மரியாதைக்கு உண்ணறது எது, ஆசைப்பட்டு உண்ணறது எதுன்னு போடறவளுக்குத் தெரியாதுங்களா? அன்னிக்கு எங்கூட்டுல அண்ணன் மரியாதைக்கு உண்டாரு. நானும் கூச்சப்படறாருன்னு நெனச்சேன். இப்பத்தானுங்க அவரு நெசமாச் சோறு திங்கறதைப் பாக்கறேன். இந்தக் கருமத்தை எப்படித் திங்கறாருன்னுதான் தெரியல. ஆனா திங்கறாரு. அந்தப் புள்ள இவரைப் பட்டினி போட்டிருக்காதுங்க."

குமாரசாமி காலியான டின்னைப் பார்த்தார். தம்பிதுரையின் மீசையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எனக்கு இது எறங்காதுங்க, சாமி சத்தியமா எறங்காது" என்றார். "உங்களுக்கு எறங்குதே! அது போதுமுங்க. வளர்பிறையில நல்ல நாளாப் பாத்து உப்புச் சக்கரை மாத்திக்கலாம். போத்தனூருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்."

போகும்போது பழனியாத்தாள் தம்பிதுரையிடம் ரகசியமாக, "எதுக்கும் எங்க பையனுக்கு இதைச் செஞ்சு போட வேண்டாம்னு ரித்திகா கிட்டச் சொல்லிப்போடுங்கண்ணா" என்றாள். கார் கிளம்பியது. தம்பிதுரை வாசலிலேயே நின்று லோகப்பிரியாவுக்குப் போன் போட்டார். அவள் அழுதாள், சிரித்தாள், "மாமா, மாமா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை அவளுக்கு.  ரித்திகாவுக்குச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு எவர்மேலும் எரிச்சல் இல்லாமல் உள்ளே வந்தார்.

"கேட்டயா கருப்பாத்தா? முடிஞ்சுபோச்சு. எல்லாம் சரியாப் போச்சு."

 அடுக்களையில் கருப்பாத்தாள் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒடிந்து கூடிய கையால் சின்ன டின்னை மடியில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலால் அதன் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். மறுபடியும் சுரண்டி மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, அதைப் போயி…"

"எட்டு மாசமா மூணு வேளையும் நான்தாண்ணா போட்டேன்" என்றாள் அவள் தலை நிமிராமல். "ஒரு நாளாச்சும் நீ இப்படித் திங்கல. இன்னைக்கு அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"அட, உன்ற சமையலுக்கு என்ன குறை? நான் எப்பவாச்சும் சொன்னனா?"

"சொல்லலண்ணா. நீ சொல்லவே இல்ல."

இன்னும் ஒரு விரல் வழித்து வாயில் வைத்தாள். மென்று பார்த்தாள். கண்ணீர் மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போவதைக்கூட அவள் துடைக்கவில்லை.

"ஒண்ணுமே இல்லையேண்ணா இதுல" என்றாள்.